வீட்டில் வார்த்த ஈயக் குண்டு: சைஸ் செய்வதும் மெழுகு பூசுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் ரைஃபிள் வைத்திருக்கும் பலர், தாங்களே ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு வார்த்துக்கொள்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் பழைய பொழுதுபோக்கு இது. அங்கே குடியேறிய நம்மவர்கள் சிலரும் இப்போது இதில் இறங்கியிருக்கிறார்கள். வார்க்கும் வரை எல்லாம் சுலபமாகத் தெரிகிறது. அதன் பிறகு வரும் இரண்டு வேலைகளில்தான், அதாவது குண்டைச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவருவதிலும் மெழுகு பூசுவதிலும்தான், எல்லோருக்கும் சந்தேகம்.

உதாரணத்துக்கு .30-30 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்கிறேன். வின்செஸ்டர் 94, மார்லின் 336 போன்ற லீவர் ரைஃபிள்கள், அதாவது கீழேயுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் ரைஃபிள்கள், சுடும் தோட்டா இது. ஈயக் குண்டுக்கு இதைவிடத் தோதான ரைஃபிள் தோட்டா குறைவு. அளவுகளை அங்குலத்தில் தருகிறேன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் பட்டறை வழக்கப்படி ‘தௌ’ என்றே எழுதுகிறேன். ஒரு தௌ என்பது 0.0254 மில்லிமீட்டர். குண்டு என்று நான் சொல்வது பறந்து போகும் ஈயத்தை மட்டும். தோட்டா என்றால் பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து (இனி வெறும் ‘மருந்து’), குண்டு எல்லாம் சேர்ந்தது.

அச்சிலிருந்து விழுந்த குண்டை அப்படியே சுட்டால் என்ன?

சில சமயம் சுடலாம். அச்சு துல்லியமாக இருந்து, விழும் குண்டும் உங்கள் பேரலுக்கு வேண்டிய விட்டத்தில் உருண்டையாக இருந்தால் சைஸ் செய்யத் தேவையே இல்லை. ஆனால் பெரும்பாலான அச்சுகள் வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக வெட்டப்பட்டவை. 0.308 பேரலுக்கான அச்சு 0.310, 0.311 என்று போடும். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் குண்டு லேசாக முட்டை வடிவம் ஆவதும் உண்டு. ஈயக் கலவை மாறினால் விட்டமும் மாறும். ஆன்டிமனி கூடினால் குண்டு கொஞ்சம் பெரிதாக விழும். இந்த வித்தியாசங்களை எல்லாம் சமன்செய்ய, குறிப்பிட்ட விட்டமுள்ள எஃகு வளையத்துக்குள் குண்டை அழுத்தித் தள்ளுவதுதான் சைஸிங்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த வளையம், அதாவது சைஸிங் டை, குண்டைச் சிறிதாக்கும், பெரிதாக்காது.

என் பேரலுக்கு எந்த அளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்துதான். குண்டைச் சுழலவைக்கப் பேரலின் உட்சுவரில் திருகுபோலப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். புத்தகத்தில் .30-30க்கு அந்தப் பள்ள விட்டம் 0.308 என்று இருக்கும். உங்கள் பேரல் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. மார்லினின் பழைய மைக்ரோ-குரூவ் பேரல்கள் 0.309, 0.310 என்று அளப்பது சகஜம். போர்க்கால லீ-என்ஃபீல்டு .303 என்றால் 0.311இலிருந்து 0.314க்கு மேல் வரைகூடப் போகும்.

முறை இதுதான். முதலில் ரைஃபிள் காலி என்பதைச் சேம்பரிலும் (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) மேகசினிலும் (மற்ற தோட்டாக்கள் காத்திருக்கும் இடம்) கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பேரலை நன்றாகச் சுத்தம் செய்து லேசாக எண்ணெய் விடுங்கள். பள்ள விட்டத்தைவிடச் சற்றே பெரிய சுத்த ஈயத் துண்டு ஒன்று வேண்டும். தூண்டிலுக்குக் கட்டும் முட்டை வடிவ ஈயம் போதும். அதற்கும் எண்ணெய் தடவி, குழல் வாயில், அதாவது பேரலின் முன்முனையில், வைத்து மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே இறக்குங்கள். பிறகு பித்தளைக் கம்பியால் தள்ளிக்கொண்டே போய் மறுமுனையில் எடுங்கள். கம்பி பேரலின் உட்சுவரை உரசாமலிருக்க அதன்மேல் டேப் சுற்றிக்கொள்ளலாம். நீளமான மரக் குச்சி வேண்டாம். அது சாய்வாகப் பிளந்து பேரலுக்குள் ஆப்பு அடித்ததுபோல மாட்டிக்கொள்ளும்.

தள்ளும்போது கை சொல்வதையும் கேளுங்கள். சீரான எதிர்ப்பு இருந்தால் நல்ல பேரல். நடுவில் திடீரென்று லேசாகப் போனால் அந்த இடம் அகன்றிருக்கிறது, இறுகினால் குறுகியிருக்கிறது. லீவர் ரைஃபிள்களில் குறிபார்க்கும் பின் சைட் பொருத்திய இடத்திலும், முன்கட்டையைப் பிடிக்கும் பட்டைக்காகப் பேரலில் வெட்டு போட்ட இடத்திலும் இப்படிக் குறுகல் வருவதுண்டு.

வெளியே வந்த ஈயத்தில் உயர்ந்து நிற்கும் பகுதிதான் பேரலின் பள்ளம். அதன் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் இதற்கு ஆகாது. ஒரு தௌ இங்கே முக்கியம், காலிப்பரின் பிழையே அவ்வளவு இருக்கும். பள்ளங்கள் இரட்டைப்படையில் இருந்தால் எதிரெதிர்ப் பள்ளங்களை நேராக அளந்துவிடலாம். ஐந்து பள்ளமுள்ள என்ஃபீல்டு பேரல் மாதிரி ஒற்றைப்படையில் இருந்தால் பள்ளத்துக்கு எதிரே மேடு வரும், சாதாரண மைக்ரோமீட்டர் பொய் சொல்லும். அதற்கு வி-வடிவ அடித்தளம் கொண்ட மைக்ரோமீட்டர் வேண்டும்.

பேரல் 0.308. அப்படியானால் குண்டும் 0.308தானே?

இல்லை. செப்பு உறை போட்ட குண்டுக்குத்தான் அந்தக் கணக்கு. ஈயக் குண்டு பள்ள விட்டத்தைவிட ஒன்று முதல் இரண்டு தௌ பெரிதாக இருக்க வேண்டும். 0.308 பேரலுக்கு 0.309 அல்லது 0.310.

காரணம் வாயு. மருந்து எரியும்போது வரும் சூடான வாயு குண்டின் அடியைத் தள்ளுகிறது. குண்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே மயிரிழை வழி கிடைத்தால்கூட அது வழியாகப் பீறிட்டு, போகிற போக்கில் ஈயத்தை அரித்துப் பேரல் சுவரில் படியவைக்கிறது. சிரிஞ்சின் ரப்பர் குழாய்ச் சுவரைச் சுற்றிலும் நெருக்கிப் பிடித்தால்தானே மருந்து பின்னால் கசியாது? குண்டின் வேலையும் அதுதான்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். குழு (இலக்கில் குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம்) சிதறினாலும் பேரலில் ஈயம் படிந்தாலும் ஆட்கள் உடனே மெழுகை மாற்றுகிறார்கள், அப்புறம் ஈயத்தைக் கடினமாக்குகிறார்கள், கடைசியில்தான் விட்டத்தை அளக்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக்கினால் முக்கால்வாசிப் பிரச்சினை முதல் படியிலேயே தீர்ந்துவிடும்.

இன்னும் நுணுக்கமாகப் போகிறவர்கள் த்ரோட்டை, அதாவது சேம்பர் முடிந்து ரைஃப்ளிங் தொடங்கும் இடத்தை, அளந்து அதற்குப் பொருந்தும்படி குண்டைச் சைஸ் செய்கிறார்கள். அதற்குச் செரோசேஃப் என்ற கலவை உலோகம் கிடைக்கிறது. கொதிநீரின் சூட்டுக்குள்ளேயே உருகிவிடும். சேம்பரில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, சுமார் ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் சேம்பரின் உண்மை அளவு கிடைக்கும். அதற்குமுன் கொஞ்சம் சுருங்கியிருக்கும், பல நாள் கழித்தால் கொஞ்சம் பெருத்திருக்கும்.

பெரிய குண்டுக்கும் ஓர் எல்லை உண்டு. கூட்டில் பொருத்திய தோட்டா சேம்பருக்குள் தடையின்றி இறங்க வேண்டும். குண்டு பெரிதாகிக் கூட்டின் கழுத்து சேம்பர் சுவரை இறுக்கிப் பிடித்தால், சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விட இடம் இருக்காது, அழுத்தம் எகிறும். முதலில் மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்று செய்து போட்டுப் பாருங்கள்.

அச்சே சிறிய குண்டாகப் போடுகிறது. என்ன செய்வது?

அச்சின் இரு பாதிகளுக்கும் நடுவே, குழியைத் தொடாமல், சூடு தாங்கும் அலுமினிய டேப் துண்டு ஒட்டுவது பழைய தந்திரம். ஓரிரு தௌ கூடும். குண்டு கொஞ்சம் முட்டை வடிவில் வரும், சைஸிங்கில் அது சரியாகிவிடும். ஆன்டிமனி அதிகமுள்ள கலவைக்கு மாறுவது இன்னொரு வழி. கீழே சொல்லப்போகும் பவுடர் கோட்டிங்கும் விட்டத்தைக் கூட்டும். அச்சு மிகவும் சிறியது என்றால் விற்றுவிட்டு வேறு வாங்குங்கள். மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

எந்தச் சைஸிங் கருவி வாங்கலாம்?

இரண்டு வகை உண்டு. ஒன்று லீ நிறுவனத்தின் டை மாதிரித் தள்ளிவிடும் வகை. தோட்டா நிரப்பும் சாதாரண பிரஸ்ஸில் திருகிக்கொள்ளலாம். குண்டின் அடியைத் தட்டையான கம்பி தாங்கிப் பிடிக்க, மூக்கு முன்னால் போக, குண்டு டைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். மலிவு, வேகம். மூக்கை எதுவும் அழுத்துவதில்லை என்பதால் குண்டு வளையாது. ஆனால் இது சைஸ் மட்டும்தான் செய்யும், மெழுகை நீங்கள் தனியே பூச வேண்டும்.

இன்னொன்று லூப்-சைஸர். லைமன் 4500, ஆர்.சி.பி.எஸ். லூப்-அ-மேட்டிக் இரண்டும் இந்த வகை. குண்டை டையில் உட்காரவைத்துக் கைப்பிடியை இறக்கினால் மேலிருக்கும் பஞ்ச் மூக்கை அழுத்திக் குண்டை டைக்குள் தள்ளும். அங்கே சுற்றிலுமுள்ள துளைகள் வழியாக மெழுகு அழுத்தத்தோடு, அதற்கென்றே குண்டைச் சுற்றி இருக்கும் மெழுகுப் பள்ளங்களை நிரப்பும். கைப்பிடியைத் தூக்கினால் குண்டு மேலே வரும். இரண்டு வேலையும் ஒரே இழுப்பில் முடிகிறது. ஆனால் பஞ்ச் உங்கள் குண்டின் மூக்கு வடிவத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மூக்கு நசுங்கும் அல்லது குண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கும். விலையும் பல மடங்கு.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வகையே என் சிபாரிசு. மாதம் நூறு குண்டு சுடுகிறவருக்கு லூப்-சைஸர் ஆடம்பரம்.

ஒரே தள்ளலில் எவ்வளவு குறைக்கலாம்?

இரண்டு மூன்று தௌ வரை கவலையில்லை. அதற்கு மேல் என்றால் இரண்டு டைகளில் படிப்படியாக இறக்குங்கள். அதிகம் குறைத்தால் மெழுகுப் பள்ளங்கள் ஆழம் குறைந்து நசுங்கும், அடியின் விளிம்பில் பிசிர் எழும். அடி கெட்ட குண்டு நேராகப் போகாது. மூக்கில் சின்னக் காயம் இருந்தால்கூட மன்னித்துவிடலாம், அடி விளிம்பில் குறை இருக்கும் குண்டை மறுபடி உருக்கும் சட்டியில் போட்டுவிடுங்கள்.

மெழுகு உண்மையில் என்ன செய்கிறது?

உராய்வைக் குறைக்கிறது என்பது பாதி உண்மைதான். பள்ளத்தில் இருக்கும் மெழுகு அழுத்தத்தில் இளகி, குண்டுக்கும் பேரலுக்கும் நடுவே மெல்லிய படலமாகி, வாயு புகும் நுண்ணிய இடைவெளிகளையும் அடைக்கிறது. கூடவே பேரல் சுவரில் மிஞ்சும் பூச்சு அடுத்த குண்டுக்கும் உதவுகிறது. சுத்தம் செய்த பேரலில் முதல் சில குண்டுகள் வேறிடத்தில் விழுந்து, பிறகு குழு கூடிவருவது இதனால்தான். ஈயக் குண்டு சுடுகிறவர்கள் பேரலை ஓயாமல் தேய்த்துச் சுத்தம் செய்யாததற்கும் இதுவே காரணம்.

குழல் வாயில் நட்சத்திரம்போல மெழுகுப் படிவு தெரிந்தால் மெழுகு கடைசி வரை போதுமாக இருந்தது என்று அர்த்தம்.

எந்த மெழுகு நல்லது?

எல்லாவற்றுக்கும் அடிப்படை தேன்மெழுகு. அதை மட்டும் பூசினால் கெட்டியாக உதிரும், ஆகவே எதையாவது கலந்து இளக்க வேண்டும். எதைக் கலப்பது என்பதில்தான் ஆளுக்கு ஒரு சித்தாந்தம்.

இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்துக்குப் பல பத்தாண்டுகளாக நிலைத்து நிற்பது என்.ஆர்.ஏ. (அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கம்) கலவை என்று அழைக்கப்படுவது. எடையில் பாதி தேன்மெழுகு, பாதி அலாக்ஸ் 2138-எஃப். அலாக்ஸ் என்பது துரு தடுப்பதற்கான பெட்ரோலியப் பொருள், பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும். இந்தக் கலவையே குச்சியாக வார்த்து விற்பனைக்குக் கிடைக்கிறது. .30-30இல் சாதாரண வேகத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ‘ரகசியக் கலவை’ என்று நாலு மடங்கு விலையில் விற்பதை எல்லாம் நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

குளிர் பிரதேசத்தில் சுடுகிறவர்கள் மென்மையான மெழுகை எடுங்கள். கெட்டியான வகை மெழுகுகள் லூப்-சைஸருக்கு அடியில் சூடேற்றும் தட்டு இருந்தால்தான் ஓடும். அரிசோனா வெயிலில் காருக்குள் தோட்டாவை விட்டுவைக்கிறவருக்குக் கெட்டியானதுதான் நல்லது.

கறுப்பு மருந்துக்கும் இதே மெழுகு ஆகுமா?

ஆகாது. .45-70 போன்ற பழைய தோட்டாக்களில் கறுப்பு மருந்து, அதாவது கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த பழங்கால மருந்து, சுடுகிறவர்கள் பெட்ரோலியப் பொருள் கலந்த மெழுகைத் தவிர்க்கிறார்கள். கறுப்பு மருந்தின் கரிப்படிவோடு அது சேர்ந்தால் தார்போல இறுகும். கரியை ஈரமாக, மிருதுவாக வைத்திருப்பதுதான் அங்கே மெழுகின் முதல் வேலை. அதற்குத் தேன்மெழுகோடு விலங்குக் கொழுப்பு அல்லது தாவரக் கொழுப்பு. வீட்டில் செய்ய எளிதான ஒன்று: தேன்மெழுகு 50 சதம், கிரிஸ்கோ என்ற சமையல் கொழுப்பு 40 சதம், கனோலா எண்ணெய் 10 சதம். பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். உப்புக் கலந்த கொழுப்பு எதுவும் வேண்டாம், பேரல் துருப்பிடிக்கும்.

கருவி ஏதும் இல்லாமல் மெழுகு பூச முடியுமா?

முடியும். ஓரம் உயர்ந்த தட்டில் குண்டுகளை அடி கீழாக வரிசையாக நிறுத்தி, உருக்கிய மெழுகை மேல் பள்ளம் மூழ்கும் உயரம் வரை ஊற்றி ஆறவிடுங்கள். இறுகியதும் குண்டின் விட்டத்துக்குச் சரியான ஒரு குழாயை ஒவ்வொன்றின் மேலும் அழுத்தினால் மெழுகு பள்ளத்தோடு நிற்கக் குண்டு தனியே வரும். வாய் வெட்டிய பெரிய பித்தளைக் கூடே இதற்குக் குழாயாகும். மெதுவான வேலை. ஆனால் மென்மையான கறுப்பு மருந்து மெழுகுக்கு இது ரொம்பவே பொருத்தம்.

அடியில் ஒட்டிய மெழுகைத் துடைத்துவிடுங்கள். அது மருந்தில் பட்டால் மருந்து கெடும்.

திரவ அலாக்ஸ் பாட்டில் பற்றி?

லீ விற்பது. நீர்த்த அலாக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவில் குண்டுகளைப் போட்டு, சில சொட்டு விட்டு, டப்பாவை உருட்டி, மெழுகுத்தாளில் பரப்பி ஒரு ராத்திரி காயவிட வேண்டும். சைஸ் செய்வதற்கு முன் லேசாக ஒரு பூச்சு, சைஸ் செய்த பின் இன்னொன்று. எல்லோரும் செய்யும் தவறு அதிகமாக விடுவது. குண்டு பொன்னிறமாக லேசாக மினுங்கினால் போதும். பழுப்பாகத் தெரிந்தால் பல நாளானாலும் ஒட்டும்.

அமெரிக்காவில் பலர் இதோடு ஜான்சன் பேஸ்ட் வாக்ஸ் என்ற மரச்சாமான் மெழுகைக் கலந்து பயன்படுத்தினார்கள்: 45 பங்கு அலாக்ஸ், 45 பங்கு வாக்ஸ், 10 பங்கு மினரல் ஸ்பிரிட் என்ற பெயின்ட் கரைப்பான். சீக்கிரம் காயும், ஒட்டாது. 2021இல் அந்த வாக்ஸ் தயாரிப்பு நின்றுபோனது. வேறு மர மெழுகுகளை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

லீவர் ரைஃபிளின் குழாய் மேகசினில் ஒட்டும் குண்டு மண்ணையும் தூசியையும் உள்ளே கொண்டுபோகும். ஆகவே கூட்டில் பொருத்திய பிறகு வெளியே தெரியும் மூக்கை மினரல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுவது நல்லது. மேகசின் பேச்சு வந்ததால் இன்னொன்று. அதில் ஒரு குண்டின் மூக்கு முன் தோட்டாவின் பிரைமரைத் தொட்டபடி இருக்கும். கூர் மூக்கு அதிர்வில் பிரைமரை இடித்து வெடிக்கவைக்கலாம், ஆகவே தட்டை மூக்குக் குண்டைத் தவிர வேறெதையும் போடாதீர்கள்.

கேஸ் செக் எப்போது தேவை?

குண்டின் அடியில் மாட்டும் சின்னச் செப்புத் தொப்பி அது. வெறும் அடி கொண்ட குண்டு விநாடிக்குச் சுமார் 1,400 அடி வரை சமாளிக்கும். அதற்கு மேல் சூடான வாயு அடி விளிம்பை அரிக்கத் தொடங்கும். கேஸ் செக் போட்டால் 2,000 அடி வரை தாராளமாகப் போகலாம். .30-30இன் கடைத் தோட்டா 170 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டை ஏறக்குறைய 2,200 அடியில் தள்ளுகிறது. ஆக மான் வேட்டைக்கு வேண்டிய வேகம் கிடைத்துவிடும். லைமன் 311041 போன்ற அச்சுகள் கேஸ் செக் மாட்டும்படி அடியில் படி வைத்தே வருகின்றன. படியில்லாத அச்சுக்குச் சாதாரண கேஸ் செக் பொருந்தாது.

மாட்டுவது தனி வேலையில்லை. கையால் அடியில் பொருத்திச் சைஸிங் டைக்குள் தள்ளினால் அதுவே இறுகிவிடும். அடி சாயாமல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பொருத்தும்போது கேஸ் செக் கூட்டின் கழுத்துக்குக் கீழே, மருந்து இருக்கும் பகுதிக்குள் தொங்காமல் இருப்பது நல்லது.

ஈயம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. பிரினெல் அளவில் சுத்த ஈயம் 5. பழைய கார் சக்கர எடைகள் சுமார் 12. 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி சேர்ந்த லைமன் 2ஆம் எண் கலவை 15. அச்சகங்களில் எழுத்துக் கோக்கப் பயன்பட்ட லைனோடைப் உலோகம் 22. கேஸ் செக் போட்ட .30-30 குண்டுக்குச் சக்கர எடையோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தாலே போதும். வேட்டைக்கு லைனோடைப் கூடவே கூடாது, விரியாமல் நொறுங்கும்.

அச்சிலிருந்து சூடாகத் தண்ணீர் வாளியில் போட்டால், ஆன்டிமனியும் சிறிது ஆர்சனிக்கும் உள்ள கலவை நன்றாகக் கடினமாகும். அப்படிச் செய்கிறவர்கள் அன்றோ மறுநாளோ சைஸ் செய்துவிடுங்கள். குண்டு அடுத்த சில நாட்களில்தான் முழுக் கடினத்தை அடையும். முழுதும் கடினமான பிறகு சைஸ் செய்தால், பேரலைத் தொடும் மேற்பரப்பே மறுபடி மென்மையாகிவிடும். வாளி உருக்கும் சட்டியிலிருந்து தள்ளியே இருக்கட்டும். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் நொடியில் ஆவியாகி ஈயத்தை மேலே வீசியடிக்கும்.

பவுடர் கோட்டிங் வந்த பிறகு மெழுகு எதற்கு?

நியாயமான கேள்வி. சைக்கிள் சட்டத்துக்குப் பூசும் அதே பாலியெஸ்டர் பவுடர்தான். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் குண்டுகள், ஒரு கரண்டி பவுடர், கொஞ்சம் பிளாஸ்டிக் மணிகள் போட்டு ஒரு நிமிடம் குலுக்கினால் நிலைமின்னூட்டத்தில் பவுடர் ஒட்டிக்கொள்ளும். பிறகு 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுட வேண்டும். அடுப்பு இதற்கென்றே தனியாக இருக்கட்டும், அதில் இனி ரொட்டி சுடக்கூடாது. விட்டம் ஒன்றிரண்டு தௌ கூடும், ஆகவே பூச்சுக்குப் பிறகு சைஸ் செய்யுங்கள்.

புகை குறைவு, கை ஒட்டாது, கையில் ஈயமும் படாது. புதிதாக வருகிறவர்கள் நேராக இதற்கே போனால் நான் தடுக்கமாட்டேன். பழைய ஆட்கள் மெழுகை விடாததற்குப் பாதிக் காரணம் பழக்கம், மீதி, சட்டி நிறையக் குண்டை அடுப்பில் சுட்டு ஆறவைக்கும் நேரம். கறுப்பு மருந்துக்கு மட்டும் மெழுகுக்கு மாற்று இல்லை.

பேரலில் ஈயம் படிந்துவிட்டது. எங்கே தவறு?

எங்கே படிந்திருக்கிறது என்பதே பதில் சொல்லும். சேம்பரை ஒட்டித் தொடக்கத்திலேயே படிந்தால் பெரும்பாலும் குண்டு சிறியது. குழல் வாய்ப் பக்கம் மட்டும் என்றால் மெழுகு வழியிலேயே தீர்ந்துவிட்டது அல்லது அந்த மெழுகுக்கு வேகம் அதிகம். பேரலில் ஓரிடத்தில் மட்டும் என்றால் அங்கே சொரசொரப்போ குறுகலோ இருக்கலாம்.

குண்டு சரியான அளவில்தான் இருந்தது என்கிறீர்களா? கூட்டுக்குள் பொருத்திய ஒன்றைத் திரும்பப் பிடுங்கி அளந்து பாருங்கள். செப்பு உறைக் குண்டுக்கான விரிப்பான் கூட்டின் கழுத்தை இறுக்கமாக விட்டிருந்தால், 0.310 குண்டு உள்ளே போகும்போதே 0.308ஆக நசுங்கிவிடும். ஈயக் குண்டுக்கென்று கழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவும் வாயை லேசாகப் புனல்போலவும் விரிக்கும் டை தனியாக விற்கிறது. வாய் விரியாவிட்டால் கூட்டின் விளிம்பு குண்டைச் சீவிவிடும்.

படிந்த ஈயத்தை எடுக்க, பாத்திரம் தேய்க்கும் சுத்தச் செப்பு நாரில் சில இழை பிரித்துப் பழைய பிரஷ்மேல் சுற்றித் தேய்த்தால் செதில் செதிலாக வரும். நார் காந்தத்தில் ஒட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டினால் அது செப்பு முலாம் பூசிய எஃகு, பேரலைக் கீறும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றும் வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஈயம் கரையும், உண்மைதான். கரைந்து லெட் அசிடேட் என்ற கொடிய நஞ்சாகும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறக்கூடியது.

1857இல் சிப்பாய்கள் கடிக்க மறுத்த கொழுப்புத் தோட்டாவும் இதே சங்கதியா?

அதே தேவைதான், எதிர்ப்பக்கத்திலிருந்து. 1853ஆம் வருட மாதிரி என்ஃபீல்டு .577 விட்டமுள்ள, வாய் வழியாக நிரப்பும் ரைஃபிள். குண்டு பேரலைவிடச் சிறியதாக இருந்தால்தான் கரிபடிந்த பேரலுக்குள் இறங்கும். சுட்ட பிறகு குழிவான அடி விரிந்து பள்ளங்களைப் பிடிக்கும். பின்பக்கம் திறக்கும் நம் ரைஃபிளில் தொடக்கத்திலேயே பெரிய குண்டைப் போட முடிகிறது, அவர்களால் முடியவில்லை. குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பு பூசியது இறங்குவதற்காகவும் கரியை இளக்குவதற்காகவும். அந்தக் கொழுப்பு பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற சந்தேகம் 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் கிளம்பியது. அந்த மாதக் கடைசியிலேயே, கொழுப்பில்லாத தோட்டாக்களைக் கொடுத்துச் சிப்பாய்களே தங்களுக்கு ஏற்றதைப் பூசிக்கொள்ளலாம் என்று உத்தரவு போனது. சந்தேகம் அதற்குள் பரவிவிட்டது. அதன் பிறகு ஆங்கிலேயர்கள் குண்டின் விட்டத்தை 0.568இலிருந்து 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள், பூச்சிலும் தேன்மெழுகே பிரதானமானது.

ஈயம் விஷமாயிற்றே, வீட்டில் செய்யலாமா?

கவனம் இருந்தால் செய்யலாம். வார்க்கும் சூட்டில், அதாவது 370 டிகிரி வாக்கில், ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. உண்மையான ஆபத்து மேலே மிதக்கும் சாம்பல் தூளும் கை வழியாக வாய்க்குப் போவதும்தான். திறந்த வெளியில் அல்லது காற்றோட்டமான கொட்டகையில் செய்யுங்கள். சமையலறையில் வேண்டாம். சைஸ் செய்யும்போது கையுறை நல்லது. வேலை நடுவே சாப்பாடும் சிகரெட்டும் கூடாது. முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கைகழுவி, உடையைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. அவர்களுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உள்ளரங்கில் சுடுகிறவர்களுக்கு வார்ப்பதைவிடப் பிரைமர் புகையாலேயே அதிக ஈயம் ஏறலாம்.

எங்கே இது சட்டப்படி சரி?

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்க்கவும் தோட்டா நிரப்பவும் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. தோட்டா செய்து விற்றால் உரிமம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது, இலக்குச் சுடுதலுக்கு அந்தத் தடை இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்கள் மாநிலத்தினுடையதைப் பாருங்கள்.

இந்தியாவில் 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும்கூட அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. ஊருக்குப் போகும்போது அச்சையும் டையையும் பெட்டியில் எடுத்துப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம்.

எவ்வளவு மருந்து போடுவது?

லைமன் போன்ற நிறுவனங்கள் வெளியிடும் ஈயக் குண்டுக் கையேட்டில் உங்கள் குண்டுக்கும் உங்கள் மருந்துக்கும் என்ன எழுதியிருக்கிறதோ அது, அதன் குறைந்த அளவிலிருந்து தொடங்கி. செப்பு உறைக் குண்டுக்கான அட்டவணையை அப்படியே எடுக்காதீர்கள். யாரோ சொன்ன அளவையும் எடுக்காதீர்கள், நான் சொன்னாலும் சரி.